மறுபடி எழுதும் கை

கோடைக்கானலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள் ஓட்டுவார்கள். பில்லர் ராக்கில் மேகம் விலகுமா என்று சுட்ட சோளத்தைக் கடித்தபடி நிற்பார்கள். குணா குகைக்குப் போட்டிருக்கும் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று செல்ஃபி எடுப்பார்கள். மேலே குன்றில் இருக்கும் அப்சர்வேட்டரிக்கு ஏறி வருகிறவர்கள் குறைவு. 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அது. 1899-ல் நிறுவி, 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறார்கள். சூரியப் புள்ளியில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது இங்கேதான். அந்த விளைவுக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த இடத்தில் தொலைநோக்கிகளைவிட ஈர்ப்பானவை அதன் காகிதங்கள்.

1904 முதல் இங்கே சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார்கள். மேகம் மறைக்காத நாளெல்லாம் எடுத்தார்கள். அதே ஆண்டிலிருந்து இன்னொரு வேலையும் நடந்தது. காகிதத்தில் ஒரு வட்டம். பூகோள உருண்டையில் இருப்பதுபோல் அதன்மேல் அட்சக்கோடுகள், தீர்க்கக்கோடுகள். அந்த வட்டத்துக்குள் அன்றைய சூரியனைக் கையால் வரைந்தார்கள். கரும்புள்ளிகள் எங்கே, அவற்றைச் சூழ்ந்த ஒளித்திட்டுகள் எங்கே, நூலிழைபோல் நெளியும் கோடுகள் எங்கே, விளிம்பில் எழும் சுடர்கள் எங்கே என்று அதனதன் நிறத்தில் குறித்தார்கள். பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள், வரைவது நிற்கவில்லை. நூறு வருடங்களுக்கு மேல் இப்படி.

படம்தான் எடுத்தாயிற்றே, பிறகு எதற்கு வரைய வேண்டும்?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். எழுத்தாளர்கள் கூடும் இடங்களில் இருபது வருடங்களாக ஓயாமல் நடக்கும் ஒரு வழக்கு உண்டு. கையால் எழுதுவதா, தட்டச்சு செய்வதா? கையால் எழுதினால்தான் ஆன்மா இறங்கும் என்று ஒரு கட்சி. அதெல்லாம் பழக்கதோஷம், கணினி வந்ததால்தான் தமிழில் இவ்வளவு பேர் எழுதுகிறார்கள் என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் பேசுவது முதல்முறை எழுதுவதைப் பற்றி. எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதல் வரியைப் பேனாவில் எழுதினாலும் விசையில் எழுதினாலும் வருவது வரும், வராதது வராது. சண்டை போட வேண்டிய இடம் இரண்டாம் முறை எழுதுவது. பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று இரண்டு வைத்திருந்தோமே, அந்த ஃபேர் நோட்டு விவகாரம்.

மின்சாரம் போன மூன்று நாள்

நான் பதினைந்து வருடங்களுக்கு மேலாக விசைப்பலகைக்காரன். பேனாவைத் தொடுவது வங்கியில் படிவம் நிரப்பும்போதுதான். ஒருமுறை ஒரு நெடுங்கதையை முடிப்பதற்காகப் பெருமாள்மலைப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். சினிமாக்காரர்கள் கதை டிஸ்கஷனுக்குக் கோடைக்கானலில் ரூம் போடுவதைக் கேலி செய்துகொண்டே நானும் அதைச் செய்தேன். இரண்டாம் நாள் காற்றும் மழையும். எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்துபோனது. மடிக்கணினி சாயங்காலத்துக்குள் கண்ணை மூடியது.

கடைத்தெருவில் ஒரு கோடு போட்ட நோட்டும் இரண்டு பால்பாயின்ட் பேனாவும் வாங்கிவந்தேன். மலையில் காகிதத்துக்கென்று ஒரு குணம் உண்டு. மூடுபனி ஜன்னல் இடுக்கில் புகுந்ததும் நமுத்துப்போன அப்பளம் மாதிரி ஆகிவிடும். மைப்பேனாவாக இருந்திருந்தால் எழுத்து ஊறிப் பரவியிருக்கும். இந்த மலைகளில் செடி கொடி தேடி அலைந்த தாவரவியலாளர்கள் களக்குறிப்பைப் பென்சிலில் எழுதியதன் காரணம் அப்போதுதான் உறைத்தது. பென்சில் மழையில் கரையாது.

மூன்று நாளில் நாற்பது பக்கம் எழுதினேன். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. விசையிலும் அதே அளவுதான் வந்திருக்கும். மின்சாரம் வந்தபிறகுதான் விஷயம் ஆரம்பித்தது. நாற்பது பக்கத்தையும் கணினியில் ஏற்ற வேண்டும். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. நாயகியின் வீட்டுத் திண்ணை வர்ணனை. நான்கு வரி தட்டியதும் விரல் நின்றுவிட்டது. இதை மறுபடி தட்ட வேண்டுமா என்ற சோம்பல். சோம்பலுக்குப் பின்னால், இது எதற்கு என்ற சந்தேகம். விட்டுவிட்டேன். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பது பக்கம் இருபத்தாறாக முடிந்தது.

அதே பத்தி ஏற்கெனவே திரையில் இருந்திருந்தால் அங்கேயேதான் இருந்திருக்கும். நான் படித்து, ஒரு சொல்லை மாற்றி, ஒரு காற்புள்ளி போட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று நகர்ந்திருப்பேன். கணினியில் ஒரு வாக்கியம் பிழைத்திருக்க எந்த முயற்சியும் வேண்டாம். அதை நீக்கத்தான் முயற்சி வேண்டும். நோட்டிலிருந்து பெயர்த்தெழுதும்போது தலைகீழ். ஒவ்வொரு வாக்கியமும் மறுபடி ஒருமுறை விரல் வழியாக வந்தால்தான் உயிரோடு இருக்கும். வரத் தகுதியில்லாததைக் கையே நிறுத்திவிடுகிறது.

அப்சர்வேட்டரி கேள்விக்கும் எனக்குக் கிடைத்த பதில் இதுதான். தகடு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது, எதையும் முடிவு செய்வதில்லை. இது ஒரு புள்ளியா, ஒட்டி நிற்கும் இரண்டு புள்ளிகளா என்று தகடு சொல்லாது. வரைகிறவர் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் கோடு போட்டாக வேண்டும். இப்போது அந்தப் பழைய வரைபடங்களை மின்படியாக்கி, அவற்றில் எது புள்ளி, எது ஒளித்திட்டு என்று கணினிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். என்றோ ஒரு காலையில் ஒரு மனிதர் எடுத்த முடிவை ஒரு எந்திரம் படித்துத் தெரிந்துகொள்கிறது.

பெயர்த்தெழுதாதது செத்தது

தமிழ் நூல்களின் வரலாறே இரண்டாம் முறை எழுதியவர்களின் வரலாறு. பனை ஓலைக்கு ஆயுள் ஓரிரு நூற்றாண்டு. அதற்குள் யாராவது புதிய ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். எழுதவில்லை என்றால் செல்லுக்கு. இல்லையென்றால் ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்கு. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தவை அப்படி யார் யாரோ பெயர்த்தெழுதிய ஏடுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாடம். அவற்றை ஒப்பிட்டு அவர் மறுபடி காகிதத்தில் எழுதினார்.

இதில் இன்னொரு வேடிக்கை. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 19-ஆம் நூற்றாண்டின் மாபெரும் புலவர், தம் புராணங்களில் பலவற்றைத் தாமே எழுதவில்லை. வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் எழுத்தாணியால் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். அம்பர்ப் புராணத்தை அப்படி எழுதியவர் இளைஞர் சாமிநாதன். கையால் எழுதினால்தான் படைப்பு என்று சத்தியம் செய்கிறவர்கள் பிள்ளையவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எழுதிக்கொண்டவர் வெறும் எழுத்தர் அல்லர். யாப்பும் இலக்கணமும் தெரிந்த மாணவர். கவிதை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலை வழியாகத்தான் ஏட்டுக்கு வந்தது.

கோடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது பாடம்செய்த விலங்குகளும் பறவைகளும் வைத்திருக்கும் மியூசியம். தமிழ் ஆராய்ச்சியாளர்களுக்கு அது இயேசு சபையின் மதுரை மாநில ஆவணக்காப்பகம். மதுரை மிஷனைச் சார்ந்த கடிதங்களும் அறிக்கைகளும் இங்கே குளிரில் பத்திரமாக இருக்கின்றன. இயேசு சபையார் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பல படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கம். ஒன்று மூழ்கினாலும் இன்னொன்று போய்ச் சேரும். ஒரே கடிதத்தை மூன்றாம் முறை எழுதும் கை, முதல்முறை எழுதிய கைதானா? கோபத்தில் எழுதிய வரி மூன்றாம் படியிலும் அதே சூட்டோடு இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்.

அந்த மதுரை மிஷனைச் சேர்ந்தவர்தான் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்து 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர். அவர் தமிழ் எழுத்தில் செய்த மாற்றத்துக்கு அடியில் இருப்பது ஒரு கருவியின் கதை. அதற்குமுன் எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்று காட்டக் குறிலின்மேல் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். ஆகவே எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். படிக்கிறவர்கள் இடம் பார்த்து ஊகித்துக்கொண்டார்கள். முனிவர் புள்ளியை நம்பாமல் உருவத்தையே மாற்றினார். எகரத்துக்கு ஒரு கால் இழுத்து ஏகாரம், ஒகரத்துக்கு ஒரு சுழி போட்டு ஓகாரம், ஒற்றைக்கொம்பைச் சுழித்து இரட்டைக்கொம்பு. இன்று நான் திரையில் தட்டும் ஒவ்வொரு ‘ஏ’யிலும் ஓலை கிழியும் பயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொம்பு முன்னால், க பின்னால்

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு பேனாவை எடுத்து ‘கொடி’ என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒற்றைக்கொம்பு போட்டீர்கள். பிறகு ‘க’. பிறகு துணைக்கால். ஆனால் வாயால் சொல்லும்போது முதலில் வருவது ‘க்’ என்ற மெய், அதன் பிறகுதான் ‘ஒ’ என்ற உயிர். மெய்யின் பின்னால்தான் உயிர் வரும் என்று தொல்காப்பியமும் சொல்கிறது. தமிழ்க் கை அந்த வரிசையை மீறுகிறது. உயிரின் பாதி அடையாளத்தை முதலில் போட்டு, மெய்யைப் போட்டு, உயிரின் மீதியைக் கடைசியில் போடுகிறது. அதாவது, கொம்பு போடும்போதே வரப்போகும் எழுத்து முழுவதும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரை எழுத்து முன்னதாக யோசித்துக்கொண்டே ஓடுகிறது கை.

தட்டச்சுப்பொறியிலும் இதே வரிசைதான். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர்.முத்தையா செய்த சாதனை அது. 247 எழுத்துகளை எப்படி ஒரு பெட்டிக்குள் அடக்குவது? அவர் எழுத்துகளை உடைத்தார். கொம்பு தனி, கால் தனி, ‘க’ தனி. புள்ளி போன்ற மேற்குறிகளுக்கு, அடித்தாலும் காகிதம் நகராத நகரா விசைகள் வைத்தார். பொறியை ஜெர்மனியில் செய்வித்தார். திண்டுக்கல், பழனி மாதிரி ஊர்களின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் ‘யளனகபக’ என்று தட்டிப் பழகிய தலைமுறைகளுக்கு அந்த மனிதரின் பெயர் தெரியாது. அரசு வேலைக்காக லோயர், ஹையர் எழுத இன்றும் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். (கோடைக்கானலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. இங்குள்ள குறிஞ்சி ஆண்டவர் கோவிலை 1936-ல் எழுப்பியவர் லீலாவதி ராமநாதன். யாழ்ப்பாணத்தின் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி, பிறப்பால் வெள்ளைக்காரர். கட்டுரைக்கு இது தேவையில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

கணினி வந்ததும் வரிசை மாறியது. 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ‘கொ’ வேண்டுமானால் ‘க’ தட்டி ‘ஒ’ தட்ட வேண்டும். கொம்பும் காலும் தாமாக வந்து இரண்டு பக்கமும் நின்றுகொள்ளும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. முதல் ‘ம’வுக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். அழகான ஏற்பாடு. இலக்கணம் படித்த எந்திரம் என்று சொல்லலாம்.

ஆனால் பெரும்பாலான எழுத்தாளர்கள் அதைக் கற்கவில்லை. நானும் கற்கவில்லை. முரசு அஞ்சல், அழகி, எ-கலப்பை என்று வந்த மென்பொருள்களில் ஆங்கில ஒலியைத் தட்டித் தமிழைப் பெற்றோம். (கலப்பை என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. எழுதுவதை உழவு என்று அவர் மட்டும்தான் மென்பொருள் உலகில் புரிந்துவைத்திருந்தார்.) ‘ழ’ வேண்டுமென்றால் இஸட். ‘ந’ வேண்டுமென்றால் டபிள்யூ. ஆக, என் தலையில் இருக்கும் தமிழ்ச்சொல் ஒரு இங்கிலீஷ் சந்து வழியாகப் புகுந்து திரைக்கு வருகிறது. வருடக்கணக்கில் இப்படி வந்தும் தமிழ் தமிழாகத்தான் இருக்கிறது, அது வேறு. பெருமாள்மலை அறையில் அந்த நோட்டில் எழுத உட்கார்ந்தபோது, ‘ழ’வின் வாலை எந்தப் பக்கம் சுழிப்பது என்று என் கை ஒரு கணம் தயங்கியது. வெட்கமாக இருந்தது. மூன்றாம் வகுப்பில் நன்றாகக் கற்றதைக் கை மறந்துகொண்டிருக்கிறது.

கை மறக்காததும் உண்டு. 1978-ல் அரசாணை வந்து ணை, லை, னை போன்றவற்றின் பழைய யானைத்துதிக்கை வடிவங்கள் அச்சிலிருந்து போயின. அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதி என்பது பெரியார் 1935-லேயே சொன்ன வாதம். அச்சு மாறியது. என் அப்பத்தா சாகும்வரை ‘லை’க்குத் துதிக்கைதான் போட்டார். அரசாணை மளிகைச் சிட்டையை எட்டவில்லை.

ஒரு பக்கம் மட்டும் எழுதவும்

பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு நிபந்தனை உண்டு. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும். அச்சுக்கோப்பவர் முன்னால் தாளைச் செருகிவைத்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடம் வலமாகக் கோப்பார். எழுத்தாளரின் கிறுக்கலைப் படிப்பதும் அவருக்குத் தலையெழுத்து. அவர்தான் கதையின் முதல் வாசகர். எழுத்து எழுத்தாகப் படித்த வாசகரும் அவர் ஒருவர்தான். புரியாத இடத்தில் ஆசிரியரிடம் வந்து கேட்பார். பல நேரம் அந்தக் கேள்வி எழுத்தாளருக்கே தேவைப்பட்ட கேள்வியாக இருக்கும். இடையில் டி.டி.பி. காலம் வந்தது, அப்போதும் தட்டுகிறவர் வேறு ஒருவர். இன்று நானே தட்டி நானே மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நடுவில் ஒரு கண் குறைந்துவிட்டது. பிழைதிருத்தும் மென்பொருள் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அது ஒற்று மிகுமா என்று சொல்லும், ‘இந்தத் திண்ணை எதற்கு சார்?’ என்று கேட்காது.

கையெழுத்து மெதுவானது, அதனால்தான் ஆழம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கல்கி பொன்னியின் செல்வனை 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாரம் தவறாமல் கொடுத்தார். கணினியா இருந்தது அவரிடம்? மு.கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்துப் பத்திரிகையில் தொடங்கிய கை. முரசொலியில் உடன்பிறப்புக்கு எழுதிய கடிதங்கள் மட்டுமே 7,000-க்கு மேல். வாலிட்டி பேனா அவர் சட்டைப்பையின் அடையாளம். அந்தக் கைகளுக்கு வேகம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

மறுபக்கம், ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாளில் தொடங்கி 2020 ஜூலையில் முடித்த வெண்முரசு. 26 நாவல்கள், கணினியில் எழுதி, நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் ஏற்றியது. அளவைக் கண்டு வாய்பிளப்பவர்கள், எந்திரம் தந்த வேகம் என்பார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. ஒவ்வொரு நாளும் வெளியாகிவிடும் என்பதால் முந்தைய நாளுக்குத் திரும்பிப் போக அவகாசமில்லை. பின்னால் போகத் தெரியாத எழுத்தாணிக்குக் கிட்டத்தட்டச் சமமான கட்டாயம் அது. கணினியில் எழுதியவர் கணினியின் சலுகையை வாங்கிக்கொள்ளவில்லை.

கி.ராஜநாராயணன் தம் முதுமையில் ‘அண்டரெண்டப் பட்சி’யைக் கையெழுத்து வடிவிலேயே வாசகர்களுக்குக் கொடுத்தார். அச்செழுத்தில் எல்லாக் கதையும் ஒரே முகமாக இருக்கும். இதில் கரிசல்காட்டுக் கிழவரின் கை எங்கே நடுங்கியது என்றுகூடத் தெரியும். ஒரு வாசகனாக அதை நேசிக்கிறேன். ஆனால் இது படித்து ரசிக்கும் சுகம். எழுதும் முறை குறித்து அதிலிருந்து எதுவும் நிரூபிக்க முடியாது.

விஞ்ஞானிகளும் இதில் தலையிட்டிருக்கிறார்கள். பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் இறக்கிக்கொள்கிறார்கள், கையால் எடுத்தவர்கள் சுருக்கித் தம் சொற்களில் எழுதுவதால் கருத்தை நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார்கள். பின்னால் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. 2024-ல் வெளியான ஒரு நார்வே ஆய்வில் 36 மாணவர்களின் தலையில் மின்முனைகளை மாட்டிப் பார்த்திருந்தார்கள். கையால் எழுதும்போது மூளையின் பகுதிகள் கூடுதலாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று செய்தி உலகெங்கும் பறந்தது. வாட்ஸ்அப்பில் எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். அந்த ஆய்வில் தட்டச்சு செய்தவர்கள் ஒற்றை ஆள்காட்டி விரலால் தட்டினார்கள் என்பதை நால்வரில் யாரும் படித்திருக்கவில்லை. பத்து விரலும் ஓடும் ஒரு டைப்பிஸ்ட் அக்காவை உட்காரவைத்திருந்தால் என்ன வந்திருக்கும்?

அக்கா என்றதும் நினைவு வருகிறது. கையெழுத்தின் மகிமை பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், மேசை உள்ளவர்கள். எனக்குத் தெரிந்து பல பெண்கள் செல்பேசியில்தான் எழுதுகிறார்கள். குக்கர் விசிலுக்கும் பள்ளி வேனுக்கும் நடுவில், பெருவிரலால், அடுப்படியில் நின்றபடி. நோட்டில் எழுதினால் வீட்டில் யாராவது எடுத்துப் படிப்பார்கள். செல்பேசிக்குப் பூட்டு இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே செல்பேசி விசைப்பலகைக்கு விழா எடுக்கலாம். அவர்களிடம் போய் மைப்பேனாவின் மணம் பற்றி நான் பேசமாட்டேன்.

அவர்களிடம் நான் சொல்வதும், நானே செய்வதும் ஒன்றுதான். எதில் எழுதினாலும் முடித்தபின் ஒருமுறை அச்செடுப்பது, அல்லது திரையை மாற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. புதிய வெற்றுக் கோப்பைத் திறந்து முதல் சொல்லிலிருந்து மறுபடி தட்டுவது. வெட்டி ஒட்டக் கூடாது. எவ்வளவு அலுப்பு என்று தட்டிப் பார்த்தால்தான் தெரியும். முதுகு வலிக்கும், நடுவில் சமோசா தேடும், ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று தோன்றும். அந்த அலுப்புதான் பதிப்பாசிரியர். எந்த இடத்தில் விரல் முனகுகிறதோ, அந்த இடத்தில்தான் கதை தொய்ந்திருக்கிறது. இரண்டாயிரம் சொல் கட்டுரை ஆயிரத்து நானூறாகும். இந்தக் கட்டுரையும் அப்படிப் பெயர்த்தெழுதியதுதான். இன்னும் நீளமாக இருக்கிறதே என்றால், முதல் படியை நீங்கள் பார்க்கவில்லை.

போன மாதம் மறுபடி மேலே போயிருந்தேன். குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் பின்னால், வானம் தெளிந்தால் பழனியும் சமவெளியும் தெரியும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று எதுவும் தெரியவில்லை. வெள்ளைச் சுவர். நோட்டை எடுக்கக் குளிர் விடவில்லை, விரல் விறைத்துப்போய் செல்பேசியில் தட்டவும் முடியவில்லை. சரி, பிள்ளையவர்கள் பாணியில் வாயால் சொல்லிப் பார்க்கலாம் என்று மைக் பொத்தானை அழுத்தினேன். என் வாய் மதுரைப் பக்கத்து வாய். ‘ழ’ அதில் சரியாகத் தங்காது. ‘மழை வருது’ என்று சொன்னேன். செல்பேசி ‘மலை வருது’ என்று எழுதியது. சாமிநாதன் மாதிரி ஒரு மாணவர் எதிரில் இருந்திருந்தால் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சரியாக எழுதியிருப்பார்.

அழிக்கப் போனேன். அப்போது காற்றடித்து மேகம் ஓர் ஓரமாகக் கிழிந்தது. எதிரே ஒரு முகடு, அதன் பின்னால் இன்னொன்று, ஒவ்வொன்றாக வந்தன.

திருத்தாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.